கடிக்காத கடி

பெரு நாட்டுக் கடற்கரையில் புந்தா சான் ஹுவான் என்றொரு பாறைமுனை இருக்கிறது. தென்னமெரிக்க ரோமச் சீல்கள் கூட்டமாகக் கரையேறிக் குட்டி ஈனும் இடம். அங்கே தங்கிக் குட்டிகளைக் கவனித்த விலங்கியலாளர் ராபர்ட் ஹார்கோர்ட், 1991இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கணக்கைத் தந்தார். அவர் கவனித்த காலத்தில் கடற்சிங்கங்கள் கொன்ற குட்டிகள் 26. அவற்றில் 22 குட்டிகள் விளையாட்டு மும்முரத்தில் இருந்தபோது பிடிபட்டவை.

விளையாட்டு பசியாற்றுவதில்லை, எதிரியிடமிருந்து காப்பதும் இல்லை. சீல் குட்டிகளின் விஷயத்தில் எதிரியின் வாயிலேயே கொண்டுபோய் விடுகிறது. இப்படி ஒரு பழக்கத்தை இயற்கைத் தேர்வு ஏன் விட்டுவைத்தது? இவ்வளவு செலவு இருந்தால் அதைவிடப் பெரிய வரவு எங்கோ இருந்தாக வேண்டும். அந்த வரவைத் தேடுவதிலேயே விளையாட்டு ஆய்வின் முதல் நூறாண்டு கழிந்தது.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சிந்தனையாளர் ஹெர்பர்ட் ஸ்பென்சர், உயிர் வாழத் தேவையானது போக மிஞ்சும் சக்தி விளையாட்டாக வழிகிறது என்றார். ஜெர்மானியச் சிந்தனையாளர் கார்ல் க்ரூஸுக்கு இது போதவில்லை. 1896இல் விலங்குகளின் விளையாட்டைப் பற்றி அவர் எழுதிய நூல், விளையாட்டைப் பயிற்சி என்றது. பூனைக்குட்டி நூல்கண்டின் மேல் பாய்வது நாளை எலியின் மேல் பாய்வதற்கான ஒத்திகை. விளையாடிப் பழக அவகாசம் வேண்டும் என்பதற்காகவே உயர்ந்த விலங்குகளுக்கு இளமைக்காலம் நீண்டிருக்கிறது என்று அவர் வாதிட்டார். கேட்ட மாத்திரத்தில் யாருக்கும் சரியென்று படும் விளக்கம். இன்றைக்கும் பெற்றோரும் பொம்மை விற்பவர்களும் சொல்வது க்ரூஸின் கருத்தைத்தான்.

சோதித்துப் பார்த்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. 1980இல் விலங்கியலாளர் டிம் காரோ, விளையாட்டுப் பொருள்களோடு வளர்ந்த பூனைக்குட்டிகளையும் அவை இல்லாமல் வளர்ந்தவற்றையும் ஒப்பிட்டார். வளர்ந்த பிறகு வேட்டையில் இரண்டுக்கும் வேறுபாடு தென்படவில்லை. ஆப்பிரிக்காவின் கலஹாரியில் மீர்கட் என்னும் சிறு விலங்குகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த லிண்டா ஷார்ப், குட்டியில் அதிகம் கட்டிப்புரண்டவை பெரிதானபின் சண்டையில் அதிகம் வெல்வதில்லை என்று 2005இல் எழுதினார். கூழாங்கற்களை முன்னங்கால்களால் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் ஆசியச் சிறு நீர்நாய்களை 2020இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தார்கள். கல்லாட்டத்தில் தேர்ந்த நீர்நாய்கள், மூடிய பொருளைத் திறந்து இரையெடுக்கும் புதிரை மற்றவற்றைவிட விரைவாக அவிழ்க்கவில்லை. மறுபக்கத்திலும் சான்று உண்டு. அலாஸ்காவின் அட்மிரால்டி தீவில் பழுப்புக் கரடிகளைக் கவனித்த ஃபேகன் தம்பதியர், அதிகம் விளையாடிய குட்டிகளே அதிகம் பிழைத்தன என்று கண்டார்கள்.

சில விலங்குகளில் ஏதோ பலன் இருக்கிறது. அது க்ரூஸ் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. மூவர், மாரெக் ஷ்பிங்கா, ரூத் நியூபெரி, மார்க் பெகாஃப், 2001இல் வேறொரு வழி சொன்னார்கள்: குறிப்பிட்ட ஒரு திறனை விளையாட்டு பழக்குவதில்லை, எதிர்பாராததைச் சமாளிப்பதைப் பழக்குகிறது. விளையாடும் விலங்கு வேண்டுமென்றே தடுமாறுகிறது, தலைகீழாக விழுகிறது, பிடி நழுவவிடுகிறது, பிறகு எழுந்து நிலைகொள்கிறது. அழகான கருத்து. இதைச் சோதிப்பது கடினம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நியூசிலாந்தில் பிறந்த பிரையன் சட்டன்-ஸ்மித், வாழ்நாளெல்லாம் விளையாட்டையே ஆராய்ந்து 1997இல் ஒரு நூல் எழுதினார். ஒவ்வொரு துறையும் தன் கவலையை விளையாட்டின் மேல் ஏற்றிவிடுகிறது என்பது அவருடைய குறை. கல்வியாளருக்கு விளையாட்டு வளர்ச்சியாகத் தெரிகிறது, சமூகவியலாளருக்கு அதிகாரப் போட்டியாக, சூதாட்டத்தை ஆராய்பவருக்கு விதியோடு மோதலாக, கலைஞருக்குக் கற்பனையாக. இப்படி ஏழு பேச்சுமுறைகளை அவர் இனம்பிரித்தார். குழந்தைகள் எதற்காக விளையாடுவதாகத் தாங்களே சொல்கிறார்கள் என்பது அவற்றில் பெரும்பாலானவற்றில் இடம்பெறவே இல்லை என்று சுட்டிக்காட்டினார்.

தொல்காப்பியம் இந்த இடத்தில் நினைவுக்கு வருவது தற்செயல் இல்லை. மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நான்கு களங்களைச் சொல்லும்போது செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு விளையாட்டையும் தொல்காப்பியர் சேர்க்கிறார். எதற்கோ பயிற்சி என்று அதை ஒதுக்கவில்லை. மகிழ்ச்சியின் ஊற்றுகளில் ஒன்றாகவே வைத்தார். ஏறத்தாழ இதே இடத்துக்கு ஆய்வுக்கூடத்தின் வழியாக வந்துசேர்ந்தவர் எஸ்தோனியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நரம்பியலாளர் யாக் பாங்க்செப்.

எலிக்குஞ்சுகள் கட்டிப்புரளும்போது 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிடுகின்றன. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. வௌவாலின் ஒலியைப் பிடிக்கும் கருவியின் உதவியோடுதான் ஓஹையோவில் இருந்த பாங்க்செப்பின் ஆய்வுக்கூடம் அந்தக் கீச்சொலிகளைக் கேட்டது. 1990களின் பிற்பாதியில் அவரும் மாணவர் ஜெஃப்ரி பர்க்டார்ஃபும் எலிகளைக் கையால் கிச்சுகிச்சு மூட்டிப் பார்த்தார்கள். கீச்சொலி பெருகியது. கையை எடுத்தால் எலிகள் கையைத் துரத்திக்கொண்டு வந்தன. எலி சிரிக்கிறது என்று எழுதியபோது சக விஞ்ஞானிகள் பலர் ஏற்கத் தயங்கினார்கள். அவர் தம் கூற்றில் உறுதியாக நின்றார்.

அவருடைய குழுவின் இன்னொரு சோதனை இன்னும் ஆழமானது. பிறந்த சில நாள்களில் பெருமூளைப் புறணியை நீக்கிய எலிகளும் வளர்ந்து விளையாடின. சிந்தனைக்கும் திட்டமிடலுக்கும் உரிய மேல்தளமே இல்லாதபோதும் விளையாட்டு மிஞ்சியிருந்தது. ஆக, அதன் வேர் மூளையின் பழைய அடித்தளத்தில், பசியும் அச்சமும் உறையும் அடுக்கில் இருக்கிறது. 2023இல் பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் மிகாயேல் ப்ரெஷ்ட்டின் குழு, நடுமூளையில் உள்ள ஒரு சாம்பல்நிறப் பகுதியை அடக்கிவைத்தபோது எலிகளின் விளையாட்டு குன்றியதைக் காட்டியது.

இதே குழு 2019இல் எலிகளுக்குக் கண்ணாமூச்சி கற்றுக்கொடுத்தது. 30 சதுர மீட்டர் அறை, நடுவே பெட்டிகள், ஒளியவோ தேடவோ ஒரு மனிதர். கண்டுபிடித்தால் தின்பண்டம் கிடையாது; கிச்சுகிச்சுதான் பரிசு. எலிகள் ஒளியும் முறை வந்தபோது, கண்ணாடிபோல் தெரியும் பெட்டிகளைவிட மறைவான பெட்டிகளைத் தேர்ந்தெடுத்தன; ஒளிந்திருக்கும்போது ஒலியைக் குறைத்தன. கண்டுபிடிக்கப்பட்டபிறகு சில எலிகள் மறுபடி ஓடி வேறிடத்தில் ஒளிந்து ஆட்டத்தை நீட்டின.

எதற்கு என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு எப்படி என்று பார்க்கத் தொடங்கினால் விளையாட்டின் அகத்தே வேறொன்று தெரிகிறது. கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் செர்ஜியோ பெல்லிஸ் எலிகளின் மல்லுக்கட்டைப் படமெடுத்து, மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு அசைவாகப் பிரித்தார். உண்மையான சண்டையில் எலி எதிரியின் பின்பகுதியைக் கடிக்கிறது. விளையாட்டுச் சண்டையில் குறி பிடரி. அதுவும் கடிப்பதில்லை, மூக்கால் உரசுகிறது. இன்னொன்று, மேலே ஏறிய எலி தன் பிடியை முழுக்கப் பயன்படுத்துவதில்லை. கீழே கிடப்பது புரண்டு எழ இடம் விடுகிறது. ஒன்றே எப்போதும் வென்றால் மற்றது விலகிவிடும், ஆட்டம் நின்றுவிடும். அடுத்த முறையும் விளையாட வேண்டும் என்பதற்காக வலியது தன் வலிமையைத் தானே கட்டிக்கொள்கிறது.

தமிழ்நாட்டுத் தெருக்களில் பெரிய பிள்ளைகள் வாண்டு ஒன்றை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வதும் இந்த வகைதான். அவன் தொட்டால் கணக்கு, அவனைத் தொட்டால் கணக்கில்லை. எவரும் அதைப் புத்தகத்தில் எழுதிவைக்கவில்லை.

இந்த நுட்பத்துக்கு மூளையில் தடயம் உண்டு. அவ்வளவாக விளையாடாத வளர்ந்த எலியோடு மட்டும் வளர்க்கப்பட்ட குஞ்சுகளையும், சம வயதுக் கூட்டாளிகளோடு வளர்ந்தவற்றையும் பெல்லிஸும் பிரயன் கோல்பும் ஒப்பிட்டார்கள். கூட்டாளிகளோடு விளையாடிய எலிகளில் முன்மூளைப் புறணியின் நரம்பணுக் கிளைகள் கழிக்கப்பட்டுச் செம்மையாகி இருந்தன. மேல்தளம் இல்லாமலும் விளையாட முடியும் என்றார் பாங்க்செப். விளையாட்டுதான் மேல்தளத்தைச் செதுக்குகிறது என்பது பெல்லிஸின் சேர்க்கை.

மானுடவியலாளர் கிரெகரி பேட்சன் 1952இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃப்ளைஷ்ஹேக்கர் விலங்குக் காட்சிசாலைக்குப் போனார். இரண்டு இளம் குரங்குகள் கட்டிப்புரண்டுகொண்டிருந்தன. அசைவெல்லாம் சண்டை அசைவு. ஆனால் பார்ப்பவருக்கும் தெரிந்தது, குரங்குகளுக்கும் தெரிந்தது, அது சண்டையில்லை என்று. அப்படியானால் ‘இது விளையாட்டு’ என்ற செய்தி இரண்டுக்கும் இடையே ஏதோ வழியில் போய்வந்தாக வேண்டும். விளையாட்டுக் கடி கடியைக் குறிக்கிறது, ஆனால் கடி எதைக் குறிக்குமோ அதைக் குறிக்கவில்லை. மொழியில்லாத உயிர், குறிகளைப் பற்றிக் குறி காட்டுகிறது! 1955இல் வெளியான அவருடைய கட்டுரை, விளையாட்டைத் தொடர்பாடலின் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகப் பார்த்தது. கற்பனை, நாடகம், சடங்கு எல்லாவற்றுக்கும் இந்த இரட்டைத்தளம் வேண்டும்.

நாய் வளர்ப்பவர்கள் அந்தச் செய்தியைத் தினமும் பார்க்கிறார்கள். முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்பகுதியை உயர்த்தி நிற்கும் அந்த வணக்கம். மார்க் பெகாஃப் நாய், ஓநாய், கயோட்டி மூன்றிலும் இதை ஆராய்ந்து 1995இல் எழுதினார். தலையைப் பலமாக உதறிக் கடிப்பதுபோன்ற, தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடிய அசைவுகளுக்குச் சற்று முன்பும் பின்பும் வணக்கம் அதிகமாக வருகிறது. கூப்பிட்டுவிட்டு உண்மையாகவே கடிக்கும் குட்டியோடு மற்றவை சேர்வதில்லை.

மனிதக் குழந்தைகளிடம் இதே உடன்படிக்கை எப்படி உருவாகிறது என்பதை சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே கோலிக்குண்டின் வழியாகக் கண்டார். ஜெனீவாவிலும் நூஷாட்டெல்லிலும் பையன்களிடம் போய், ஆட்டம் தெரியாதவர்போல் அமர்ந்து, சொல்லிக்கொடுக்கக் கேட்டார். 1932இல் வெளியான நூலில் அவர் சொல்வது இது: ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு விதி புனிதமானது, அப்பாவோ கடவுளோ தந்தது, மாற்றக் கூடாது. ஆனால் அதே பிள்ளை ஆடும்போது விதியைக் கண்டுகொள்வதில்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் நிலை தலைகீழாகிறது. எல்லோரும் ஒப்புக்கொண்டால் விதியை மாற்றலாம் என்கிறார்கள். அப்படி ஒப்புக்கொண்ட விதியை உறுதியாகக் காப்பாற்றுகிறார்கள். சட்டத்தின் அதிகாரம் மேலிருந்து இறங்குவதில்லை, சேர்ந்திருப்பவர்களின் சம்மதத்தில் நிற்கிறது என்று ஒரு பிள்ளை முதன்முதலாக உணர்வது கோலிக்குழியின் ஓரத்தில்.

ரஷ்ய உளவியலாளர் லெவ் விகாட்ஸ்கி இன்னும் ஒருபடி போனார். காசநோயால் 37 வயதில் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1933இல், விளையாட்டைப் பற்றி அவர் நிகழ்த்திய உரை இத்துறையின் ஒளிமிக்க பக்கங்களில் ஒன்று. குச்சி குதிரையாகும்போது குழந்தை முதன்முறையாகப் பொருளிலிருந்து அர்த்தத்தைப் பிரித்தெடுக்கிறது. சங்கப் பாடல்களின் சிறுமியர் மணலில் சிற்றில் கட்டி மணற்சோறு சமைத்ததும், பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைக்க வருபவனிடம் சிதைக்காதே என்று கெஞ்சுவதும் இந்த ஆற்றலின் பதிவுகள். மணல் மணல்தான் என்று அவர்களுக்குத் தெரியும்; ஆனாலும் அது வீடு. விகாட்ஸ்கியின் மற்றொரு கருத்து, விருப்பத்துக்கு ஓடும் விளையாட்டில்தான் குழந்தை தன்னை அதிகமாகக் கட்டுப்படுத்துகிறது என்பது. 1948இல் மனுய்லென்கோ என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். சும்மா அசையாமல் நில் என்றால் சிறு பிள்ளைகளால் நெடுநேரம் நிற்க முடியவில்லை. நீதான் காவலாளி, காவல் காக்கிறாய் என்று சொல்லி ஆட்டத்தில் சேர்த்தபோது அதே பிள்ளைகள் வெகுநேரம் நின்றார்கள்.

மெய்யியலாளர்களுக்கு இதில் வேறொரு சண்டை. எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவான ஓர் இயல்பு கிடையாது என்றார் விட்கென்ஸ்டைன். பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் மறுத்தார்: தேவையில்லாத தடையைத் தானாக விரும்பி ஏற்பதுதான் ஆட்டம். பாண்டி ஆடும் சிறுமியைப் பார்த்தால் சூட்ஸ் சொல்வது விளங்கும். இரண்டு கால் இருக்கும்போது அவள் நொண்டுகிறாள். நடந்துபோய்ச் சில்லை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது, ஆனால் ஆட்டம் இல்லை.

டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹெய்சிங்கா 1938இல் எழுதிய நூல் கலை, சட்டம், போர் அனைத்திலும் விளையாட்டைத் தேடியது. அவர் பிரித்துக் காட்டிய இருவர் முக்கியமானவர்கள். ஏமாற்றி ஆடுபவன் விதியை மதிப்பதாகவாவது நடிக்கிறான். ஆட்டத்தைக் கலைப்பவனோ அந்த உலகத்தையே உடைக்கிறான். அதனால் அவன்மேல் கோபம் கூடுதல். பகைவன், நண்பன் என்ற பிரிவே அரசியலின் அடித்தளம் என்ற ஜெர்மானியச் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட்டின் கோட்பாட்டை அதே நூலில் அவர் கடுமையாக மறுத்தார். எதிராளியை எதிராளியாக மதிக்கும் விதியைக் கைவிட்டால் நாகரிகமே கலைந்துவிடும் என்பது அவர் அச்சம். நான்கே ஆண்டுகளில் நாஜிகள் அவரைப் பிணைக்கைதியாகச் சிறைவைத்தார்கள். விடுவித்தபின்னும் அவர் பணியாற்றிய லெய்டனுக்குத் திரும்ப விடவில்லை. நாட்டின் விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பு, 1945 பிப்ரவரியில் அவர் இறந்தார்.

உடன்படிக்கை என்ற இந்த விளக்கத்துக்கு எல்லை உண்டு. துணையே இல்லாமல் ஆடும் உயிர்களும் இருக்கின்றன. வாஷிங்டன் விலங்குக் காட்சிசாலையில் பல பத்தாண்டுகள் தனியே வாழ்ந்த நைல் ஆமை ஒன்று தன்னைத்தானே பிறாண்டிக்கொண்டிருந்தது. தொட்டியில் பந்தைப் போட்டதும் அதை முட்டித் தள்ளி ஆடத் தொடங்கியது. சியாட்டில் நீர்க்காட்சியகத்தில் எண்காலி ஒன்று மிதந்துவந்த மருந்துக் குப்பியின் மேல் நீரைப் பீய்ச்சி, அது சுற்றித் திரும்பிவந்ததும் மறுபடி பீய்ச்சியது. 2022இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் பம்பிள் தேனீக்கள், எந்த இனிப்பும் கிடைக்காதபோதும் சிறு மரப்பந்துகளை உருட்டின. 45 தேனீக்களில் ஒன்று 117 முறை உருட்டியது. வயதில் இளையவை அதிகம் உருட்டின. இந்தத் தேனீ எதை உணர்கிறது என்பதைச் சொல்ல இப்போதைக்கு வழியில்லை.

ஆமையை ஆராய்ந்த கார்டன் பர்கார்ட் விளையாட்டை அடையாளம் காண ஐந்து நிபந்தனைகள் வைத்தார். அவற்றில் ஐந்தாவது தனியாட்டத்துக்கும் கூட்டாட்டத்துக்கும் பொது: வயிறு நிறைந்து, அச்சமின்றி, நெருக்கடியின்றி இருக்கும்போதுதான் விளையாட்டு தொடங்கும். பாங்க்செப் எலிக்கூண்டில் ஒரு சிட்டிகை பூனைமுடியைப் போட்டார். பூனையையே பார்த்திராத எலிகள் அக்கணமே விளையாட்டை நிறுத்தின. முடியை எடுத்தபிறகும் பல நாள்கள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

ஆனாலும் நெருக்கடி நடுவிலும் குழந்தைகள் விளையாட்டுக்கு இடம் தேடுவார்கள் என்பதற்கு கோபன்ஹேகன் சாட்சி. நிலவடிவமைப்பாளர் கார்ல் தியோடர் சோரன்சன், தான் அழகாகக் கட்டிக்கொடுத்த மைதானங்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கும் இடங்களில் பலகையும் செங்கல்லுமாக ஆடுவதைக் கவனித்தார். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, 1943இல், எம்ட்ரப் என்ற புறநகரில் அப்படியொரு தட்டுமுட்டுச் சாமான் மைதானம் பிறந்தது. மரம், கயிறு, சுத்தியல், ஆணி. என்ன கட்டுவது என்பது பிள்ளைகளின் முடிவு. 1946இல் அதைப் பார்த்த ஆங்கிலேய நிலவடிவமைப்பாளர் லேடி ஆலன், குண்டு விழுந்து பாழான பிரிட்டிஷ் மனைகளுக்கு அந்த எண்ணத்தைக் கொண்டுபோனார்.

1989இல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு விளையாட்டை உரிமையாக்கியது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. 2013இல் ஐ.நா. குழு தந்த விளக்கம், குழந்தைகள் தாமே தொடங்கி, தாமே நடத்தி, தாமே வடிவமைப்பதுதான் விளையாட்டு என்றது. கோடை விடுமுறைப் பயிற்சி முகாம் இந்த விளக்கத்துக்குள் வராது. உடம்புக்கு நல்லது, திறமைக்கும் நல்லது. ஆனால் விதி பயிற்சியாளருடையது, தகராறு வந்தால் தீர்ப்பும் அவருடையது. பள்ளி அட்டவணையில் கணக்குக்குக் கடன்போகும் விளையாட்டு வேளையும், ‘இங்கே விளையாடக் கூடாது’ என்று பலகை தொங்கும் குடியிருப்பு முற்றமும் எதைப் பறிக்கின்றன என்பதை ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து அளக்கலாம். 1976இல் சமூகவியலாளர் ஜேனட் லீவர், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 181 பேரின் விளையாட்டை ஆராய்ந்தார். பையன்கள் ஓயாமல் சண்டை போட்டார்கள். அவுட்டா இல்லையா, கோட்டைத் தாண்டினானா இல்லையா என்று. ஆனால் சண்டையால் ஓர் ஆட்டமும் கைவிடப்படவில்லை. எந்தச் சண்டையும் ஆட்டத்தை ஏழு நிமிடங்களுக்கு மேல் நிறுத்திவைக்கவில்லை. பெரியவர் எவரும் நடுவில் வராமல் அவர்களே பேசித் தீர்த்து, பந்தை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போனார்கள்.